படிக்கட்டு இடப்பக்கம்

ஜனவரிக் காலை ஏழு இருபது.
மங்காஃபில் ஒன்பது டிகிரி.
ஏசி அணைந்த வகுப்பறைக்குத்
தன் சத்தம் இப்போதுதான் கேட்கிறது.
இருபத்தாறு பிள்ளைகள்,
இருபத்தாறு கம்பளிக் குல்லாய்கள்.
பாதிக்கு மேல் ஒரே ஜம்இய்யாவில்
ஒரே தள்ளுபடியில் வாங்கியவை.
எதிலும் பெயர் எழுதவில்லை.

குளிர்கால வாரம் என்கிறது சுற்றறிக்கை:
பனிமனிதன் ஒன்று, பனிவீடு ஒன்று,
ஆளுக்கு மூன்று காகிதப் பனித்துகள், ஆறு முனையோடு.
நான் பனியைப் பார்த்தது
ஃப்ரீசர் சுவரைக் கரண்டியால் சுரண்டும்போதுதான்.
இருந்தாலும் இரண்டு கையையும் தூக்கி,
விரலை அசைத்து அசைத்து இறக்கி,
இப்படித்தான் விழும் என்று காட்டுகிறேன்.
நம்பிவிடுகிறார்கள்.

காகிதத் தட்டு. பஞ்சு. பசை.
மேசை இழுப்பறைக்குள் போன் அதிர்கிறது.
அங்கே மணி பத்தாகப் போகிறது,
சித்தாள்கள் முதல் டீயை முடித்திருப்பார்கள்.
மேஸ்திரி இசக்கிப்பாண்டியின் குரல்:
"பிளக் பாயிண்ட் எத்தனைன்னு இன்னிக்குச் சொல்லிருங்கக்கா,
சுவர் வெட்ட ஆள் வந்தாச்சு.
அப்புறம் அந்தப் படிக்கட்டு..."
படிக்கட்டு என்று சொல்லிவிட்டு
மூச்சு வாங்குகிறவரிடம்
அடுத்த வார்த்தையைக் கேட்காமலிருப்பது நல்லது.

படம் வந்தது.
வரைபடத்தில் வலப்பக்கம் ஏறிய படி
இடப்பக்கம் ஏறியிருக்கிறது.
கான்கிரீட் போட்டாயிற்று, முட்டுப் பலகையும் பிரித்தாயிற்று.
படிக்கு அடியில் வாஷிங் மெஷினை
மூன்று வருடமாக வைத்திருந்தேன்.
துவைத்துக்கூட முடித்திருந்தேன்.

"மிஸ், ரிஸ்வியா தப்பா ஒட்டிட்டா!"
பனிவீட்டின் கதவு உச்சியில் இருக்கிறது,
கறுப்புச் சார்ட்டில் வெட்டிய அரைவட்டம்.
"கீழ வச்சா பனி கொட்டி மூடிரும்ல மிஸ்."
நகத்தால் கிளப்பிப் பார்த்தேன்.
பசை காய்ந்துவிட்டது.
பஞ்சு மட்டும் கையோடு வந்தது.

இடைவேளையில் வராந்தாவுக்குப் போய்
இசக்கிப்பாண்டியிடம் கத்தினேன், மெதுவாக.
பள்ளியில் அப்படித்தான் கத்த முடியும்.
"இடிக்கச் சொன்னா இடிச்சிருதேன்" என்றார்.
அந்த வாக்கியத்துக்கு
எத்தனை தினார் என்று எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.

ஆறு முனைகளை வெட்டி எறிந்த தரையில்
உண்மையாகவே பனி.
சிலகம்மா துடைப்பத்தால் ஒதுக்குகிறாள்.
என் போனை எட்டிப் பார்க்கிறாள்.
அவளும் கட்டுகிறாள், ராயச்சோட்டிப் பக்கம்,
ஸ்லாப் போட்டு மூன்று மாதம்.
நான்கு வருடமாக ஊருக்குப் போகவில்லை.
பாதித் தெலுங்கு, பாதி இந்தி, மீதி கையால் சொல்கிறாள்:
வாசல் தெருவைப் பார்க்கவில்லையாம்,
கோழிக்கடையைப் பார்க்கிறதாம்.
சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்.
துடைப்பத்தில் தாடையை ஊன்றிக்கொண்டு
கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறாள்.

அகமதியில் இரவு ஷிப்ட் முடித்துத்
தூங்கி எழுந்த ஜெபராஜ்
என் தலையிலிருந்து பஞ்சை எடுக்கிறார்.
போனை நீட்டுகிறேன்.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி
அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறுகிறார்.
இடமா வலமா என்று பேசவே இல்லை.
"ஒன்பதாவது படி உயரமா இருக்கே."
திரும்ப இறங்கி, திரும்ப ஏறுகிறார்.
"பெட்டியோட ஏறினா தட்டும்."
"வருசத்துக்கு முப்பது நாள்" என்றேன்.
"தட்டட்டும்" என்றார்.
டீ ஆறிப்போயிருந்தது, இரண்டு பேருக்கும்.

ஹாலில் ஐந்து, சமையலறையில் நான்கு,
அறைக்கு மூன்று வீதம் இரண்டு அறை,
கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒன்று தனியாக.
கூட்டினால் பதினாறு.
பதினேழு என்று அனுப்பிவைத்தேன்.

அது எங்கே என்று கேட்டு உடனே பதில் வந்தது.
இன்னும் யோசிக்கிறேன்.