மூவாயிரத்து ஐந்நூறு

சனிக்கிழமை, ஆலை மூடப் பத்து நிமிடம் இருக்கையில்
மாட்டுத் தீவன வாசம் அடிக்கும் எடைமேடையில்
வானை ஏற்றி நிறுத்தினோம்.
மூவாயிரத்து ஐந்நூற்று அறுபத்திரண்டு கிலோ.
உர்ஸ் இறங்கி நின்றான்.
மூவாயிரத்து நானூற்று எழுபத்தாறு.
"நான் வராவிட்டால் சட்டப்படி சரி" என்றான்
சிரிக்காமல்.

புர்க்டோர்ஃப் நகர பஸ்களுக்கு அடியில்
பதினொரு வருசம் மல்லாந்து கிடந்தவள் நான்.
எது தேய்ந்தாலும் கையை நீட்டுவேன்.
கைக்குப் பின்னால் களஞ்சியம்,
களஞ்சியத்துக்குப் பின்னால்
விடிய ஐந்தரைக்கு வரும் லொறி.
முர்காப் தாண்டிக் கை நீட்டினால்
காற்று.
அதுவும் மெல்லிய காற்று, டீசல் எரியத் தயங்கும்.

அதனால்தான் மூன்று மாதமாய்
படுக்கையில் கிடந்தபடி இந்த வானை உடைத்து வருகிறேன்.
திங்கள் இரவு வாட்டர் பம்ப்.
செவ்வாய் முழுக்க இடது பின்சக்கர பேரிங்,
அது கத்தும் சத்தம்கூடக் கேட்டது.
உதிரிப்பாகம் என்றால் வேறென்ன,
இன்னும் வராத கேட்டுக்கு
அளவெடுத்துச் செய்த இரும்பு.

கொட்டகையில் எல்லாவற்றையும் இறக்கித்
தார்ப்பாயில் பரப்பினோம்.
குளியலறைத் தராசைக் கொண்டுவந்தேன்.
ஒவ்வொன்றாய்ச் சுமந்து அதன்மேல் நான் ஏற,
அவன் முள்ளைப் படிக்க,
ஒவ்வொரு முறையும் என்னைக் கழித்தோம்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றேன்.
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன், பாதி விழுந்துபோனது.
"எந்த ஆணி?" என்று கேட்டான்.
அதைத்தான் பழமொழி சொல்லவில்லை.

பட்டறை இடுக்கி, பதினான்கு கிலோ,
அவன் சித்தப்பா பாலத்துக்கு இரும்பு அறுத்தது.
போகட்டும் என்றான். அரைமணி பேசவில்லை.
இரண்டாவது சக்கரத்தில் ரிம் வேண்டாம், டயர் மட்டும்.
ஆல்டர்னேட்டரை நான் விடவில்லை.
பிறகு நானே அதைக் கழற்றி
இரண்டு கார்பன் பிரஷ்களை மட்டும் எடுத்தேன்.
தீப்பெட்டிக்குள் அடங்கின.
ஆறு கிலோப் பயம்
ஒரு தீப்பெட்டிக்குள்.
மீதி எப்படிக் குறைந்தது என்று கேட்கவேண்டாம்.
என் சப்பாத்துகள் இப்போது ஒரு சோடிதான்.

ஞாயிறு இரவு பத்தரைக்குக் கதவில் தட்டல்.
கீழ்த்தளத்து அய்ஷ்லிமான் அம்மையார்,
முழங்கால்வரை ஈரம்,
உதட்டில் விரல்.
சலவை இயந்திரத்தின் குழாய் பிடுங்கிக்கொண்டதாம்.
ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கக் கூடாதென்று
இந்தக் கட்டடத்துக்குச் சட்டம் எழுதியவரே அவர்தான்.
காவலாளியை எப்படிக் கூப்பிடுவார்?

நீல டப்பாவைத் திறந்தேன்.
ஹோஸ் கிளிப் எட்டு, எண்ணி வைத்தது,
ரேடியேட்டருக்கு நான்கு, ஹீட்டருக்கு இரண்டு,
நான் நினைக்கத் தவறியதற்கு இரண்டு.
தண்ணீரில் குந்தியிருந்து திருகியபோது
அவர் டார்ச் பிடித்தார், கை நடுங்காமல்,
நல்ல உதவியாள்.
வாளியில் ஊறியிருந்தது ஒரே ஒரு மேசைவிரிப்பு.
அதற்கு ஏன் இத்தனை அவசரம் என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடை எட்டுக்குத் திறக்கும்.
நாங்கள் ஐந்துக்குக் கிளம்புகிறோம்.

மேலே வந்து பதிவேட்டைப் பிரித்தேன்.
வெறும் பக்கம், நான் கோடு போட்ட கட்டங்கள்:
பாகம். பழுது. இடம். ஓடிய தூரம்.
எட்டை அடித்து ஏழு என்று எழுதி
முதல் வரியை நிரப்பினேன்.
கிளிப், ஒன்று.
குழாய் கழன்றது.
புர்க்டோர்ஃப், கீழ்த்தளம்.
பூச்சியம் கிலோமீட்டர்.