ஒன்பதாவது வளையம்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை. ஐப்பசி அடைமழை.
தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காந்த வளையங்கள்
எண்ணெய்க்குள் மூழ்கி வரிசையாய் நின்றன,
நடுவே எலக்ட்ரான் போக ஒரு குழாய்.

ஓடிவந்து ஏறுகிறவனுக்குத்
திண்டிவனம் பஸ் படியிலிருந்து கை கொடுப்போமே,
அதுதான் ஒவ்வொரு வளையத்தின் வேலையும்.
முந்தினால் வெறுங்காற்று.
பிந்தினால் அவன் ரோட்டில்.

ஒன்பதாவது பிந்தியது.
நாற்பது நானோ நொடி.
கற்றை குழாய்ச் சுவரில் போய் முட்டியது.

சுடும் முன் பின்னோட்டம் கொடுத்தோமா? கொடுத்தோம்.
கொடுக்காவிட்டால் வளையம் நிரம்பிப்போகும்,
நிரம்பியது எதையும் வாங்காது, தராது.
குணாளன் ஸ்பார்க் கேப்பைக் கழற்றித் துடைத்தார்,
கடற்கரை உப்பைத் திட்டிக்கொண்டே.
நான் எண்ணெய்மேல் பழி போட்டேன்.
மூன்று நாள்.

நான்காம் நாள் மதலேன்
தரையில் உட்கார்ந்து கேபிள்களை முழம்போட்டாள்
பூக்காரி மாதிரி.
ஒன்பதாவதில் எட்டு மீட்டர் அதிகம்.
மிச்சத்தை யாரோ வட்டமாகச் சுருட்டி, டேக் கட்டி,
ரேக்குக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன. நான்தான்.
நல்ல கேபிள், வெட்டுவானேன் என்று.

மீட்டருக்கு ஐந்து நானோ நொடி.
ஆணியில் தொங்கியது கேபிள் இல்லை, தாமதம்.

வெட்டினோம். கான்கிரீட் சுவருக்கு இந்தப்பக்கம் வந்து
பொத்தானை அழுத்தினோம்.
குழாய் முனையில் ஒட்டிய தாளில்
மிளகளவு கருகல், நட்ட நடுவில்.
மதலேன் அதை முகர்ந்து பார்த்தாள்.

அந்த எட்டு மீட்டரை
இன்னும் தூக்கி எறியவில்லை நான்.