பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு

டர்பன் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
பதினெட்டு வருஷம் சரக்குப் பெட்டிகளை இறக்கியவன் நான்.
என் கைக்குக் கீழே
கப்பல்கள் லேசாகிப் போயின.

முதல் தடவை விழுந்தது குளியலறையில்.
இரண்டாவது, மியர்பாங்க் கோயில் வரிசையில்.
மேளம் இல்லை, தீச்சட்டி இல்லை, சும்மா நின்றபோது.
ஆத்தா இறங்கிட்டா என்று
யாரோ எலுமிச்சம்பழம் நசுக்கினார்களாம்.
சாலாச்சி கத்தினாளாம்:
"ஆத்தா வந்தா கால்சட்டை நனையுமா?
தள்ளுங்க, காத்து வரட்டும்."

களாம், ளாம் என்றுதான் நான் சொல்ல முடியும்.
என் வலிப்பைப் பார்க்காத
ஒரே ஆள் நான்.

இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று
என் வண்டிச் சாவியையே
உள்ளங்கையில் திணித்திருக்கிறார்கள்.
விழித்தபோது சாவியின் பல் தோலில் பதிந்திருந்தது.
அடுத்த வாரம் டாக்டர் சொன்னார்:
ஓட்டாதே, உயரம் ஏறாதே, தனியாகக் கடலில் இறங்காதே.
சாவி ஆணிக்குப் போனது.

மூன்றாம் மாடி. நோம்தாண்டாசோ சிஸ்டர்
பதினாறு பக்கத் தாளைப் பொறுமையாகத் திருப்பினாள்.
புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு
ஒரே ஒரு மருந்து, கூட வேறெதுவும் கிடையாது.
பழசு ஒன்று, புதுசு ஒன்று,
இரண்டுக்கும் ஒரே மஞ்சள் குளிகை.
எது உங்களுக்கு என்று உங்களுக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
"பின்னே யாருக்குத்தான் தெரியும்?"
"கம்ப்யூட்டருக்கு" என்று சிரித்தாள்.
ஆங்கிலமும் ஜூலுவும் நிறைந்த தாளின் அடியில்
சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த எழுத்தில்
பொ. படையாச்சி என்று போட்டேன்.
அன்றிலிருந்து நான் 0417.

நாளுக்கு ஒரு கட்டம் வைத்த நோட்டு.
விழாத நாளுக்குப் பூஜ்யம்.
பள்ளியில் வாங்கினால் பிரம்படி,
இங்கே வாங்கினால் சிஸ்டர் கைதட்டுகிறாள்.

0422 உம்லாசியிலிருந்து வருவாள்.
பெஞ்சில் உட்கார்ந்து
இருவர் குளிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
அதே மஞ்சள். அதே எடை.
எனக்கு நின்றது, அவளுக்கு வாரம் இரண்டு.
நெற்றியில் புதுத் தையலோடு
என் நோட்டை எட்டிப் பார்த்து "அதிர்ஷ்டக்காரர்" என்றாள்.
ஏழாவது தடவை அவள் வரவில்லை.
கேட்டேன். சொல்லக் கூடாதாம்.

நூற்று ஐம்பத்து மூன்று பூஜ்யம்.
இப்போது தரையில் நின்று பெட்டிகளின் நம்பரைச் சரிபார்க்கிறேன்,
அண்ணாந்தால் என் கூண்டில் வேறொருவன்.
ஒரு வருஷம் சுத்தமாக இருந்தால் யோசிக்கலாம் என்றார் மேலாளர்.

செவ்வாய் விடிகாலை.
வாயில் ரத்தம். தோள் கழன்றதுபோல் வலி.
படுக்கை ஈரம்.
சாலாச்சிக்கு செருப்பு ஃபாக்டரியில் இரவு ஷிப்ட்.
பார்த்தவர் யாரும் இல்லை.
விரிப்பைத் துவைத்தேன். நோட்டை எடுத்தேன்.
பேனா தானாகவே வட்டம் போட்டது,
அழகான வட்டம்.

கெட்டில் கொதித்து நின்றது.
சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு ஜன்னலில் ஆடியது.
நான் ஊற்றவில்லை.
எங்கோ எவனோ தன் முதல் சாவியை
டாக்டரிடம் இழக்கப்போகிறான்.
அவனுக்கு எது என்று பார்க்க
அந்தக் கம்ப்யூட்டரைத் திறப்பார்கள்.
உள்ளே என் வட்டம் இருக்கும்.

எட்டு மணிக்கு சிஸ்டருக்கு போன் செய்தேன்.
திட்டவில்லை. சொன்னாள்:
அழிக்காதீங்க, வெள்ளை பூசாதீங்க.
மேலே ஒரே ஒரு கோடு,
அடியில் இருக்கிறது தெரியணும்.
பக்கத்தில் சரியானது. தேதி. கையெழுத்து.

போட்டேன்.
கோட்டுக்குப் பின்னால் பூஜ்யம் இன்னும் தெரிகிறது.
பக்கத்தில் 1, கொஞ்சம் கோணலாக.

கேட் சத்தம். சாலாச்சி.
இந்த ஒரு தடவை
நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்,
விழுந்தேன் என்று.
ஆம் சேர்க்காமல்.