ஒரு கைச் சுவெற்றர்

உவர்மலையில் மூன்றாம் நாளாய் மழை.
பள்ளிக்கூடம் இல்லை.
அறைக்குள் கட்டிய கொடியில்
காயாத உடுப்புகளுக்குக் கீழே
குனிந்துதான் நடக்கிறோம்.

ஈஸ்ற் போட்டுக் குழைத்த மா
காலையிலிருந்து அசையவில்லை.
"அதுக்குக் குளிருது" என்ற டிலுக்சி
என் மடியிலிருந்து பின்னலை உருவி
சட்டிக்கு உடுத்திவிடுகிறாள்.

ஐப்பசியில் தொடங்கியது.
உடம்பும் ஒரு கையும்தான் முடிந்திருக்கிறது,
அந்தக் கையும் அவளுக்கு இப்போது கட்டை.
ஊசி இன்னும் தொங்குகிறது.

யூட் சட்டியைக் கட்டிப்பிடித்து
ஓராட்டுப் பாடுகிறான்,
பாதியில் தானே தூங்கிப்போகிறான்.

கரண்ட் போகிறது. வருகிறது. போகிறது.

மூன்று மணியிருக்கும்,
கழுத்து வழியே
மெல்ல எட்டிப் பார்க்கிறது மா.

"அம்மா, அளவாயிருக்கு!"

இனிக்
கரண்ட் வர வேணும்.