மை அழியேல்லை

“தங்கச்சி, விரலை நனைச்சுத் தேய்ச்சுப் பாத்தன்.
மை அழியேல்லை.
அப்ப இது நீர் வைச்ச கையெழுத்தில்லை.”

டண்டினோங்கில் எங்கள் அலுவலகம்
டயர்க் கடைக்கு மேல்மாடி.
சிறுநீரகம் பழுதானவர்களை
வாரம் மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க
ஏற்றி இறக்குகிற ஒரு வெள்ளை வானுக்கு
பெற்றோல் காசு கேட்டுக் கடிதம் எழுதுவது என் வேலை.
நன்றி சொல்லியும் நான்தான் எழுதுவேன்.
இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.
நான்கு வருடத்துக்கு முன் வெறுந்தாளில் ஒருமுறை போட்டது,
அன்றிலிருந்து இயந்திரம் போட்டுக்கொண்டிருக்கிறது.

பேசியவர் சிவயோகமலர்.
முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை.
மாதம் பதினைந்து டொலர், ஒன்பது வருடமாக,
மூன்றாம் தேதி பிசகியதில்லை.
கணினியில் அவர் பெயருக்குப் பக்கத்தில்
பச்சை அம்பொன்று மேலே பார்த்து நின்றது.
இருபத்தைந்தாக்கக் கேள் என்று அர்த்தம்.

அந்த நேரத்திலும் கேட்டேன்.
பயிற்சியில் தந்த வசனத்தால் தொடங்கினேன்:
உங்களைப் போன்றவர்களால்தான் அம்மா —

“என்னைப் போல ஆர்?”

அச்சடித்த தாளில் அதற்குப் பதில் இல்லை.

“சரி, அதை விடும். முத்திரைக்கு எவ்வளவு போகுது?
உறைக்கு? போன மார்கழி அனுப்பின பேனைக்கு?
நான் தாறதில உங்கட நன்றியின்ர விலையைக் கழிச்சா
மிச்சத்துக்கு வான் எவ்வளவு தூரம் ஓடும்?”
பின்னால் உலர்த்தும் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது.
“எனக்குக் கடிதம் வேண்டாம். ஒரு பயணத்தைச் சொல்லும்.
ஆர் ஏறினவை, எங்க இறங்கினவை.”

நான்கு வருடம்.
நான் அந்த வானில் ஒருதரமும் ஏறியதில்லை.

மே மாதக் கடைசி, விடிய ஐந்தே கால், நோபிள் பார்க்.
முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் சாரதி.
மிலோராட் என்ற முதியவர்
தலையணையை அணைத்துக்கொண்டு ஏறினார்.
கொடையாளர்களைப் பற்றி அவர் வாயால்
இளகிய ஒரு வசனம் எனக்கு வேண்டியிருந்தது.
ஆறு நிமிடம் பிந்திவிட்டீர்கள் என்றார்.
ஹீற்றர் பின் இருக்கைக்கு எட்டுவதில்லை,
மூன்று குளிர்காலமாகச் சொல்கிறேன் என்றார்.
ஜூன் கடிதத்துக்குப் படம் எடுக்கலாமா என்றேன்
(வருமானவரிக் கணக்கு முடிகிற மாதம்,
எங்களுக்கு அறுவடை).
என் முகம் வேண்டாம், என்று
ஹீற்றரைக் காட்டினார். “அதை எடு.”

எடுத்தேன்.

மாலை, மேசையில் கிடந்த பேனையால்
என் பெயரை நானே எழுதி
விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தேன்.
அதுவும் அழியவில்லை.
இந்தக் காலத்து மை அப்படித்தான் போலும்.
அவருடைய சோதனை பிழை.
முடிவு சரி.

அழைத்து மிலோராட்டைச் சொன்னேன்,
ஆறு நிமிடத்தையும் ஒளிக்கவில்லை.
சிரித்தார்.
“குளிருக்குள்ள இருந்தா ஆருக்குத்தான் நன்றி வரும்?”
பேசி முடித்ததும் கணினி நான்கு கட்டங்களைக் காட்டியது:
உயர்த்தினார், மறுத்தார், பிறகு அழைக்கவும், காலமானார்.
ஒன்றையும் தொடாமல் மூடினேன்.

ஜூன் கடிதம் ஹீற்றரின் படத்தோடு போனது.
தூசி படிந்த துவாரம், உள்ளே ஒரு மிட்டாய்த் தாள்.
போன வருடத்தைவிட இரண்டாயிரம் குறைய வந்தது.
முகம் இல்லாவிட்டால் இப்படித்தான் என்றார் மேலாளர் ப்ரொன்வின்.
மறுத்துப் பேச என்னிடம் எண் எதுவும் இல்லை.
வந்ததில் முதல் செலவு மட்டும்
என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை மூன்று. வங்கிக் கணக்கு திறந்தது.
பதினைந்து.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
விபரம் என்ற இடத்தில் ஒன்பது வருடமாக
அவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.
இந்தமுறை ஆங்கில எழுத்தில்,
இடம் போதாமல் நெருக்கி:

சூடு வருதோ