இரண்டு பேனை

மோட்டார் சைக்கிளுக்கு வரி கட்டப் போனனான்.
ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம், புதன்கிழமை.
விசிறி சுத்துது, காத்து எங்களுக்கில்லை.

பக்கத்துக் கதிரைத் தவமலர் அக்கா
"தம்பி, பேனை இருக்கோ?"
குடுத்தன். படிவத்தோடை திரும்பி வந்தது:
"கண்ணாடி உடைஞ்சு போச்சு,
நீங்களே நிரப்புங்கோ."

பெயர். அடையாள அட்டை இலக்கம்.
கிணறு: உண்டு, உவர்.
மாடு: ரெண்டு, ஒண்டு சினை.
கணவர் என்ற இடத்திலை ரெண்டு பெட்டி,
உயிருடன், இறந்தவர்.
பேனை நிண்டுது.

யன்னலுக்கு வெளியே நிண்ட
முதிரையைப் பார்த்தபடி சொன்னா,
"அதை விடுங்கோ."

விட்டன்.
எழுதுவினைஞர் திருப்பி அனுப்பினார்.
அடுத்த புதனும் போனம்.
ரெண்டு நாள் கூலி போச்சு,
அதுக்கிடையிலை மாடு கண்டு போட்டுட்டுது,
மாடு மூண்டெண்டு திருத்தினன்.
மூண்டாம் முறை அவர்
என்னைப் பார்த்தார், அவவைப் பார்த்தார்,
பெட்டியைப் பாராமல் முத்திரை குத்தினார்.

இப்ப புதன்கிழமையெண்டால்
சட்டைப்பையிலை ரெண்டு பேனை.
ஒண்டு கசியும்.
நீலக்கறை போகுதில்லையெண்டு
மனுசி ஏசிக்கொண்டே தோய்க்கிறா.