பின்னங்கால், இடது

டிக். டிக்டிக். டிக்.
பகல் பதினொன்று.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் நின்ற கால்கள்
இப்போதுதான் படுத்திருக்கின்றன.
மேல்வீட்டுப் பலகைத் தரையில்
யாரோ தட்டச்சு செய்கிறார்கள்
முற்றுப்புள்ளி இல்லாத ஒரு புகாரை.

நானும் ஒன்று எழுதினேன்.
"திருமதி உர்வே அவர்களுக்கு, உங்கள் நாய்"
என்று தொடங்கி
அடுத்த சொல் வராமல்
தாளை மடித்துக்கொண்டு படியேறினேன்.

நுப்சு ஓடி வந்தது. நிற்க நினைத்தது.
நிற்கவில்லை.
மெழுகிட்ட தரையில் நான்கு கால்களும்
நான்கு ஊருக்குப் போக
என் செருப்பில் வந்து மோதி
வேறெங்கோ பார்த்தது,
மோதியது தான் இல்லை என்பதுபோல.

தார்த்துவில் கோடையென்றால்
கருங்கல் வீதியே தேய்த்துவிடும் நகத்தை.
நவம்பரில் விழுந்த பனி
மார்ச்சிலும் கிடக்கிறது.
பனிக்கு அந்த வேலை தெரியாது.

குனிந்து பார்த்தேன்.
குதியுயர்ந்த செருப்பை
முன்பின்னாக மாட்டிவிட்டதுபோல
நகம் தரையை முட்ட, விரல் மேலே எழும்ப,
உடம்பின் பாரம் முழுக்க
மணிக்கட்டில் சாய்ந்திருந்தது.
தரையே தொடாத பக்கவாட்டு நகமோ
வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது
தன் சதையையே தேடி.

"ராந்தோதான் வெட்டுவான்" என்றார் உர்வே.
"துர்க்குவுக்குக் கப்பல் கட்டப் போய்விட்டான்.
நான் ஒரே ஒரு முறை வெட்டினேன்."
கம்பளத்தில் காசளவு பழுப்புக் கறையைக் காட்டினார்.
"அதிலிருந்து எனக்குக் கால் கொடுப்பதில்லை.
நானும் கேட்பதில்லை."

கறுப்பு நகம்.
உயிர் எங்கே முடிகிறதென்று
வெளியே தெரியாது.
நகமும் சதையும்போல என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

அவர் டார்ச் பிடித்தார்.
ஒரு தட்டில் ஈரல் பசை, நாய்க்கு.
இன்னொன்றில் உருளைக்கிழங்கு மாவு,
ஒருவேளை ரத்தம் வந்தால்.
ஒரு நூல் அளவு வெட்டு. பார்.
இன்னொரு நூல். பார்.
வெட்டுமுகத்தின் நடுவில்
சாம்பலாய் ஒரு புள்ளி எட்டிப்பார்த்தால்
நிறுத்து. அதற்கப்பால் வலி.

விட்டுவிட்டால் உள்நரம்பும்
நகத்தோடு சேர்ந்து நீளுமாம்.
வாராவாரம் கொஞ்சம் குறைத்துவந்தால்
அதுவாகவே பின்வாங்குமாம், வலிக்காமல்.
மருத்துவமனைப் பெண் சொன்னாளாம்.
"அதைக் கேட்டதும் எனக்கு ஏனோ கோபம் வந்தது"
என்றார் உர்வே.
நான் ஏனென்று கேட்கவில்லை.
வலது முன்காலின் சுண்டுவிரலில் இருந்தேன்.

மூன்று கால்கள் முடிந்தன.
இடது பின்னங்காலை
வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டது.
அந்தக் கால்தான் போலும், அன்று.
ஈரல் பசை தீரும்வரை கேட்டுப் பார்த்தோம்.
பிறகு கேட்கவில்லை.
வியாழன் வருகிறேன் என்றேன்.
கறுப்புப் பிறைகளைக் கூட்டி அள்ளத்
தாள் எதுவும் இருக்கிறதா என்றார்.
இருந்தது.

பகல் பதினொன்று.
மேலே மூன்று கால்கள்
எங்கே போகின்றன, தெரியவில்லை.
நான்காவது மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது:
அடுப்படி.
சன்னல்.
கதவு.
கதவு.